வர்ணம் பூசுமுன்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. உடம்பைப் பேணுவதன் அவசியத்தை வற்புறுத்தவே இதைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். ஆயினும், அதன் நேர்ப்பொருளையும் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று. சித்திரம் அழகுற அமைவதற்குச் சுவர் இருந்தால் மட்டும் போதாது. சித்திரத்தை ஏற்கும் தகுதியும் அதற்கு இருத்தல் வேண்டும். அத்தகுதியைச் சுவருக்கு உண்டாக்கும் தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதிலும், நம் நகரங்களில் பெருகிவரும் ஜிப்சம் பலகைச் சுவர்களை வர்ணத்துக்கு ஆயத்தம் செய்யும் முறையை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பும் சுவருக்குத் தண்ணீர் இன்றியமையாதது. கலவைக்குத் தண்ணீர், கட்டிய பின் நனைப்பதற்குத் தண்ணீர், பூச்சுக்குத் தண்ணீர் என்று வேலை முடியும்வரை ஈரத்தோடுதான் உறவு. ஜிப்சம் பலகைச் சுவரோ வேறு வகையைச் சேர்ந்தது. துத்தநாக முலாம் பூசிய மெல்லிய எஃகுச் சட்டங்களைத் தரையிலும் மேல்தளத்திலும் பொருத்தி, அவற்றின் இருபுறமும் பலகைகளைத் திருகாணிகளால் இறுக்கிவிட்டால் சுவர் ஆயிற்று. இவ்வாறு ஈரமின்றி எழுவதனாலேயே ஆங்கிலத்தில் இதற்கு 'உலர் சுவர்' என்னும் பொருள்படப் பெயர் வந்தது. அலுவலகங்களில் ஓர் அறையை இரண்டாகத் தடுக்கவும், கடைகளிலும் மருத்துவமனைகளிலும் உட்கூரை அமைக்கவும் இம்முறையே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதை ஒலி உணர்த்திவிடும்.

இப்பலகையின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. அகஸ்டின் சாக்கெட் என்பவர், காகிதங்களுக்கு இடையே ஜிப்சச் சாந்தை வைத்து அழுத்திய பலகைக்கு 1894-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனத்தை 1909-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனி விலைக்கு வாங்கியது. அக்கம்பெனி சில ஆண்டுகளில் 'ஷீட்ராக்' என்ற பெயரில் பலகைகளை விற்கத் தொடங்கிற்று. ஆயினும், நெடுங்காலம் மக்கள் இதை மலிவுச் சரக்கு என்றே கருதினார்கள். மரச் சிம்புகளின் மீது சாந்து பூசிய சுவரே சிறந்தது என்பது அந்நாட்டார் எண்ணம். இரண்டாம் உலகப் போர் அவ்வெண்ணத்தை மாற்றியது. கைதேர்ந்த கொத்தர்கள் கிடைப்பது அரிதாயிற்று. வீடுகளோ விரைவாகத் தேவைப்பட்டன. போருக்குப் பின்னர் அந்நாட்டில் எழுந்த இலட்சக்கணக்கான வீடுகளின் உட்சுவர்கள் இப்பலகைகளாலேயே அமைந்தன.

ஜிப்சம் என்பது சுண்ணமும் கந்தகமும் கலந்த ஒரு கனிமம். நம் நாட்டில் இது மிகுதியாகக் கிடைப்பது இராஜஸ்தானத்தில். இதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீராகும். சுமார் 150 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் சூடாக்கினால் அந்நீரில் முக்காற்பங்கு வெளியேறிவிடும். எஞ்சும் வெண்ணிறப் பொடியையே பாரிஸ் சாந்து என்கிறோம். அப்பொடியுடன் மறுபடியும் நீர் சேர்த்தால், இழந்த நீரை உள்வாங்கிக்கொண்டு அது மீண்டும் கல்லாக இறுகிவிடுகிறது. தீப்பற்றும் காலத்தில் இந்த நீரே காவலாக நிற்கிறது. பலகையில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறும்வரை, வெப்பம் மறுபுறம் தாவுவது தடைப்படுகிறது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். ஆலையிலிருந்து வரும் பலகை கண்ணாடிபோல் சமமாகவே இருக்கிறது. வழக்கமாக அது 12.5 மில்லிமீட்டர் கனமும், ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இந்தியத் தர நிர்ணயத்தில் 2095 என்ற எண்ணுள்ள விதி இதற்கு உரியது. இத்தனை சமமான பலகையைப் பொருத்திய பின்னரும் உடனே வர்ணம் பூசிவிட முடியாது. ஏனெனில், பலகைக்கும் பலகைக்கும் இடையே மூட்டு இருக்கிறது, நூற்றுக்கணக்கான திருகாணித் தலைகள் இருக்கின்றன, மூலைகள் இருக்கின்றன. பலகை ஆலையில் பிறப்பது. சுவரின் சமப்பரப்போ தொழிலாளியின் கையில் பிறப்பது.

முதலில் திருகாணிகளைக் கவனிப்போம். ஒவ்வொரு திருகாணியின் தலையும் பலகையின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, ஒரு சிறு குழிக்குள் அமர வேண்டும். ஆனால், மேலிருக்கும் காகிதம் கிழியலாகாது. பலகைக்கு வலிமை தருவது அக்காகிதமே. அது கிழிந்தால் திருகாணி வெறும் ஜிப்சத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும்; நாளடைவில் தளர்ந்து, வர்ணத்தின் மேல் பரு போலத் தலைகாட்டும். அனுபவமுள்ள தொழிலாளி வேலையைத் தொடங்குமுன் பட்டித் தகட்டைச் சுவரின் மேல் ஒருமுறை ஓட்டுவார். துருத்தி நிற்கும் தலை எங்கே இருந்தாலும் தகடு அதில் இடறி ஒலிக்கும். பார்வைக்குத் தப்பியது காதுக்குத் தப்பாது.

அடுத்தது மூட்டு. பலகையின் நீள விளிம்புகள் இரண்டும் ஆலையிலேயே சற்று மெலிவாகச் செய்யப்படுகின்றன. அவ்விரு விளிம்புகளும் சேரும் இடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் உண்டாகிறது. அப்பள்ளத்தை நிரப்புவதற்கென்று ஒரு குழைவான சாந்து உண்டு. நம் ஊர்த் தொழிலாளிகள் இதையும் பட்டி என்றே வழங்குகிறார்கள். சொல் ஒன்றாயினும், சாதாரணச் சுவருக்கு இடும் பட்டியும் இந்த மூட்டுப் பட்டியும் ஒன்றல்ல. மூட்டுக்கு உரியதையே மூட்டுக்கு இட வேண்டும்.

பள்ளத்தில் பட்டியைப் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே சுமார் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித நாடாவை மூட்டின் நடுவே பதிக்க வேண்டும். பிறகு தகட்டால் அழுத்தி இழுத்து, மிகுதியான பட்டியையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். நாடாவின் கீழே பட்டி போதாமல் ஓர் இடம் வறண்டிருந்தால், பின்னர் அவ்விடம் கொப்புளம் போல் எழும்பும். கட்டடம் சிறிது அசைந்தாலும் மூட்டு விரியாமல் பிடித்துக்கொள்வது நாடாவின் கடமை. நாடா இல்லாமல் வெறும் பட்டியால் மூடிய மூட்டு எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், சில திங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு அதன் நெடுகிலும் ஓடும். கண்ணாடி இழைகளால் ஆன வலை நாடாவும் உண்டு. அதைக் கையாளும்போது, முதற் படலத்துக்குத் தானாக இறுகும் வகைப் பட்டியையே இட வேண்டும் என்பது விதி.

பலகையின் குறுக்கு விளிம்புகள் சேரும் இடத்தில் இத்தகைய பள்ளம் கிடையாது. அங்கே நாடாவும் பட்டியும் சேர்ந்து ஒரு மேடாகவே நிற்கும். அம்மேட்டை மறைக்க வழி ஒன்றே. பட்டியை இருபுறமும் அகலமாக, அரை மீட்டர் அளவுக்குக்கூட, விளிம்பு தெரியாமல் மெலியும்படி இழுத்துவிட வேண்டும். மேடு அகலும்; ஆனால் ஏற்றம் கண்ணுக்குப் புலப்படாது. உள்மூலைகளில் நாடாவை நடுவே மடித்துப் பதித்து, ஒருபுறம் உலர்ந்த பின்னரே மறுபுறம் பூசுதல் வேண்டும். வெளிமூலைகளுக்கு உலோகக் கோணப் பட்டை பொருத்தினால், மேசை நாற்காலிகள் இடித்தாலும் மூலை உதிராது.

முதற் படலம் உலர்ந்தபின் இரண்டாவது படலம். அது உலர்ந்தபின் மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். தொடக்கத்தில் 150 மில்லிமீட்டர் தகடு போதும். இறுதியில் 300 மில்லிமீட்டர் தகடு தேவைப்படும். ஒரே தடவையில் கனமாக அப்பிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். உலரும் வகைப் பட்டி, தன் நீரை இழக்கும்போது சுருங்கும் இயல்புடையது. கனமாக அப்பினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருக்கும். பிறகு பள்ளமும் வெடிப்பும் தோன்றும். செட்டிநாட்டு இல்லங்களின் சுண்ணாம்புப் பூச்சும் பல மெல்லிய படலங்களால் ஆனதே. பொருள் வேறு, நெறி ஒன்று.

இங்கேதான் இத்தொழிலின் உயிர்நிலையான பொறுமை வருகிறது. உலரும் வகைப் பட்டியின் ஒரு படலம் காய்வதற்குச் சாதாரணமாக ஒரு நாள் ஆகும். மழைக்காலத்திலும் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றிலும் இரண்டு நாட்களுக்கு மேலும் ஆகலாம். ஈரப் பட்டி சற்றே கருத்துத் தோன்றும். முழுவதும் ஒரே வெளிறிய நிறத்தை அடைந்தால்தான் அது உலர்ந்தது என்று கொள்ளலாம். நீருடன் கலந்ததும் இரசாயன முறையில் இறுகும் பட்டி வகைகளும் உண்டு. இருபது நிமிடம், நாற்பத்தைந்து நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று இறுகும் காலத்தைப் பையிலேயே குறித்திருப்பார்கள். அவசரத்துக்கு அவை உதவும். ஆனால், இறுகிய பின் அவற்றைத் தேய்ப்பது கடினம். ஆதலால் அடிப்படலத்துக்கு அவற்றையும், மேற்படலத்துக்கு உலரும் பட்டியையும் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்ற ஒரே காரணத்தால் மூன்று படலங்களை இரண்டே நாட்களில் முடிக்கச் சொல்லுவோர் இருக்கின்றனர். விழா குறித்த நாளில் சிறப்பாகவே நடக்கும். வெடிப்பும் குறித்த நாளில் தவறாமல் வந்து சேரும்.

பட்டி உலர்ந்ததும் தேய்ப்பு வேலை. முதலில் 120 எண் உப்புத்தாள். இறுதியில் 150 முதல் 220 வரையிலான நுண்ணிய தாள். பட்டியைத்தான் தேய்க்க வேண்டும். பக்கத்திலுள்ள காகிதத்தைத் தேய்த்தால் அதன் இழைகள் மயிர்போல் எழுந்து, வர்ணத்தின் அடியில் சொரசொரப்பாக நிற்கும். நன்றாகப் பட்டி இழுத்தவருக்குத் தேய்ப்பு வேலை குறைவு. மிகுதியாகத் தேய்க்க நேர்ந்தால், முந்திய வேலையில் குறை இருந்தது என்று கொள்ளலாம்.

தேய்ப்பின்போது எழும் தூளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தொழிலைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி அதுவே. பட்டியில் சுண்ணாம்புக்கல் பொடி, அபிரகம், டால்க், ஜிப்சம் முதலியன கலந்திருக்கும். சில வகைகளில் சிலிக்காவும் உண்டு. தேய்க்கும்போது இவை மாவினும் மெல்லிய தூளாகி அறை முழுவதும் மிதக்கின்றன. அமெரிக்க அரசின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிலையம் 1999-இல் ஒரு குறிப்பு வெளியிட்டது. தேய்ப்பவர்கள் சுவாசிக்கும் தூள், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவைவிடச் சில வேளைகளில் பத்து மடங்கு வரை இருந்தது என்று அக்குறிப்பு கூறுகிறது. தூளை அவ்வப்போதே உறிஞ்சும் குழாய் பொருத்திய தேய்ப்பான்களைக் கையாண்டபோது, அத்தூள் 80 முதல் 97 சதவீதம் வரை குறைந்ததாம்.

முற்காலத்தில் நிலைமை இதனினும் கொடியது. வெடிக்காமல் இருப்பதற்காகப் பட்டியில் கல்நார் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. கல்நார் இழை நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னர் புற்றுநோயை விளைவிக்கும். அந்நாட்டு அரசு 1977-இல் அத்தகைய பட்டியைத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ தொழிலாளிகள் அத்தூளை நாள்தோறும் சுவாசித்திருந்தனர். சுவர் வழவழப்பாக இருந்தது. அதை வழவழப்பாக்கியவரின் மூச்சோ கரடுமுரடாகிவிட்டது.

நம் நாட்டில் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சாளரம் மூடிய அறைக்குள் நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களைக் காண்கிறோம். கைக்குட்டை பெருந்தூளைத் தடுக்கலாம். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்தூளை அது தடுக்காது. அதற்கென்றே செய்யப்பட்ட, முகத்தோடு நன்கு பொருந்தும் முகமூடி வேண்டும். நீண்ட கோலின் நுனியில் உப்புத்தாளைப் பொருத்தித் தேய்த்தால் தூள் முகத்திலிருந்து எட்டியே நிற்கும். சிறு வேலைகளுக்கு ஈரப் பஞ்சினால் துடைத்தே சமப்படுத்தலாம். தூள் எழவே எழாது. இவற்றுக்கு ஆகும் செலவு, வர்ணத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. வேலை கொடுப்பவர் இச்செலவை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது அறமாகும்.

தேய்த்தபின் சுவர் சமமாயிற்றா என்று எவ்வாறு அறிவது? நேர் எதிரே நின்று பார்த்தால் எல்லாச் சுவரும் சமமாகவே தோன்றும். இருட்டிய பின் ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சம் சுவரின் மேல் சரிந்து ஓடும்படி செய்தால், ஒவ்வொரு மேடும் தன் நிழலைக் காட்டிவிடும். பெரிய சாளரத்துக்கு அருகிலுள்ள சுவரிலும், சுவரை ஒட்டி விளக்குகள் பதித்த தாழ்வாரத்திலும் இந்த நிழல்கள் நாள்தோறும் தென்படும். ஆகவே எல்லாச் சுவருக்கும் ஒரே அளவான வேலை போதாது.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சுவை உண்டு. 'பரப்பை வழவழப்பாகவும் திருப்திகரமாகவும் முடித்துக் கொடுத்தல் வேண்டும்' என்பது போன்ற வாசகங்களை ஒப்பந்தங்களில் அடிக்கடி காண்கிறோம். மொழிபெயர்ப்பதற்கு எளிய வாக்கியம். நிறைவேற்றுவதற்கு அரிய வாக்கியம். யாருடைய கைக்கு வழவழப்பு? எந்த வெளிச்சத்தில் திருப்தி? ஒப்பந்தக்காரர் பகலில் காட்டுகிறார். உரிமையாளர் இரவில் பார்க்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் வழக்கு எழுகிறது.

இத்தகைய வழக்குகளைத் தவிர்க்கவே, 1990-இல் அமெரிக்கத் தொழிற் சங்கங்கள் சில கூடி, முடிப்பு வேலையைப் பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளாக வகுத்தன. பூச்சியப் படியில் முடிப்பு வேலை எதுவுமில்லை. முதற்படியில் நாடாவைப் பட்டியில் பதிப்பது மட்டும். உட்கூரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு அது போதும். இரண்டாம் படி, ஓடு பதிக்கப் போகும் சுவருக்கு. மூன்றாம் படி, கனமான சொரசொரப்புப் பூச்சு வரப்போகும் சுவருக்கு. நான்காம் படியில், பதித்த நாடாவின் மேல் தனித்தனியாக மேலும் இரண்டு படலங்கள். மினுமினுப்பில்லாத வர்ணத்துக்கு இது ஏற்றது. ஐந்தாம் படியில், மூட்டுகளோடு நில்லாமல் சுவர் முழுவதும் ஒரு மெல்லிய பட்டிப் படலம் இழுக்கப்படும். மினுமினுப்பான வர்ணத்துக்கும் சரிந்த வெளிச்சம் படும் சுவருக்கும் இதுவே உகந்தது. மதிப்புரைச் சொல்லுக்குப் பதிலாக ஓர் எண் வந்தது. விலையும் பொறுப்பும் முன்கூட்டியே தெளிவாயின.

எஞ்சியிருப்பது அடிப்பூச்சு. பலகையின் காகிதம் வர்ணத்தை உறிஞ்சும் விதம் வேறு. பட்டி உறிஞ்சும் விதம் வேறு. இவ்விரண்டின் மேலும் நேராக வர்ணம் பூசினால், சுவர் முற்றிலும் சமமாக இருந்தாலும், மூட்டுகள் இருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆதலால், தூளை நன்கு துடைத்துவிட்டு, பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஒரு கை பூச வேண்டும். அது உலர்ந்ததும் மீண்டும் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பார்ப்பது நலம். குறைகளைச் சிறு பட்டியால் திருத்தி, அவ்விடங்களில் மறுபடியும் அடிப்பூச்சிட்ட பின்னரே வர்ணக்காரரை அழைக்க வேண்டும்.

வீட்டில் இவ்வேலையை மேற்கொள்ள எண்ணும் நேயர்களுக்குச் சில சொற்கள். குளியலறைக்கு அருகே ஈரம் தாங்கும் தனிவகைப் பலகையையே கேட்டு வாங்குங்கள். பலகையின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் 10 மில்லிமீட்டர் அளவு மேலே நிற்கட்டும். இன்றேல், தரை கழுவும் நீர் மேலேறிப் பலகையைக் கெடுக்கும். எந்தச் சுவருக்கு எந்த வர்ணம், எத்திசையிலிருந்து வெளிச்சம் என்பதை வேலை தொடங்குமுன்பே பேசி, எழுதிக்கொள்ளுங்கள். படலத்துக்குப் படலம் உலரும் நாட்களைக் கணக்கில் சேர்த்தே நாள் குறியுங்கள். தேய்ப்பவருக்கு முகமூடி வந்ததா என்று ஒருமுறை கேளுங்கள்.

வர்ணம் சுவரின் குறைகளை மறைத்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், வர்ணம் மறைப்பதைவிடக் காட்டிக்கொடுப்பதே மிகுதி. நல்ல முடிப்பு வேலையோ யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அறைக்குள் நுழைபவர் நிறத்தைப் புகழ்வார், சாளரத்தைப் புகழ்வார், மூட்டு எங்கே இருந்தது என்று தேடமாட்டார். தேடத் தோன்றாமல் செய்ததே அத்தொழிலாளியின் வெற்றி. அவ்வெற்றிக்கு உரிய நாட்களையும் கூலியையும், மாசற்ற மூச்சையும் அவருக்கு அளிப்பது வீடு கட்டும் நம்முடைய பொறுப்பாகும்.